மெகருவின் கிளை

செய்யாத தவற்றுக்காக ஒரு பெண்ணைக் குற்றவாளியாக நிற்க வைத்தவள் நான். அவள் பெயர் மெகருன்னிசா. தவறு என்னுடையது. அதை மறைக்கச் சொன்ன பொய்யும் என்னுடையது. ஐந்து வருடம் இதை ஒருவரிடமும் நான் சொல்லவில்லை.

நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்லத் துணிகிறேனோ என்னவோ...

என் பெயர் சுகந்தி. கோபிசெட்டிபாளையத்துக்காரி. படிப்பு முடிந்ததும் கோயம்புத்தூருக்கு வந்தேன், இங்கேயே தங்கிவிட்டேன். நூற்பாலை இயந்திரங்களை இயக்கும் மென்பொருள் எழுதுகிற ஒரு நிறுவனத்தில் வேலை. எழுபது பேர் எழுதுகிறார்கள். அந்த எழுபது பேர் எழுதுவதையும் பத்திரமாக வைத்திருப்பது என் பொறுப்பு.

விளக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் இன்று ஒரு நிரலை எழுதுகிறார், நாளை மாற்றுகிறார், மறுநாள் பழையதே நன்றாக இருந்தது என்று தேடுகிறார். அப்படி ஒவ்வொரு மாற்றத்தையும் யார் செய்தார், எப்போது செய்தார் என்று சேமித்து வைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. பதிப்புக் கட்டுப்பாடு என்று புத்தகத்தில் எழுதுவார்கள். எங்கள் அலுவலகத்தில் ரெப்போ என்போம். ஒவ்வொருவரும் தமக்கென ஒரு கிளையை, பேச்சில் பிரான்ச் என்போம், அதில் பிரித்துக்கொண்டு, அதற்கு ஒரு பெயர் வைத்து வேலை செய்வார்கள். எங்கள் ரெப்போவில் நிரல்களோடு இயந்திர வரைபடங்களும் இருந்ததால் வெளியில் கிடைப்பதை அப்படியே பயன்படுத்த முடியவில்லை. நாங்களே ஒன்றை உருவாக்கியிருந்தோம். அதன் உள்ளே இருக்கும் ஒவ்வொரு திருகாணியும் எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்!

அந்தக் கர்வம் முக்கியம். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

ரெப்போ நாளுக்கு நாள் பெருத்தது, மெதுவானது. காலையில் வந்து நேற்றைய மாற்றங்களை இறக்கக் கட்டளை கொடுத்தால், டீ குடித்துவிட்டு வரும்வரை ஓடிக்கொண்டிருக்கும். காரணம் குப்பை. யாரும் பயன்படுத்தாத பழைய துண்டுகள் மலையாகக் குவிந்திருந்தன. அவற்றை அகற்றும் துப்புரவு வேலைக்கு ஒரு நாள் முழுவதும் ரெப்போவைப் பூட்டிவைக்க வேண்டும். அதற்கு நாள் கேட்டால் மேலாளர் தண்டபாணி கையைப் பிசைவார். வாடிக்கையாளர்கள் காத்திருக்கிறார்கள், பூட்ட முடியாது என்பார்.

நான் அதை மாற்றி எழுதினேன். பூட்டே வேண்டாம்! எல்லோரும் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பின்னால் துப்புரவு நடக்கும். இரண்டு மாதம் உழைத்தேன். ஓடவிட்ட முதல் வாரத்திலேயே ரெப்போ பறந்தது. டீ ஆறுவதற்குள் இல்லை, டீக்கு எழுந்திருப்பதற்குள்ளேயே வேலை முடிந்தது. தண்டபாணி எல்லோர் முன்னாலும் கைதட்டினார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது... அன்று இனித்தது.

பூட்டை எடுத்ததில்தான் ஓட்டை இருந்தது.

கிளைகளின் பெயர்கள் ரெப்போவில் இரண்டு இடங்களில் இருக்கும். சமீபத்தில் தொட்ட பெயர்கள் தனித்தனிக் கோப்புகளாக. வெகுநாள் தொடாத பெயர்கள் ஒரே பட்டியலில் மொத்தமாக. ஒரு பெயரை யாரும் நீண்ட நாள் தொடாவிட்டால், ரெப்போ தானாகவே அதைத் தனிக் கோப்பிலிருந்து எடுத்துப் பட்டியலில் சேர்த்துவிடும். என் துப்புரவு நிரல் முதலில் பட்டியலைப் படித்தது, பிறகு தனிக் கோப்புகளைப் படித்தது. இரண்டிலும் பெயர் இல்லாத துண்டுகளைக் குப்பை என்று எறிந்தது.

நான் பட்டியலைப் படித்து முடித்த பிறகு, தனிக் கோப்புகளைத் தொடுவதற்கு முன்பு, அந்தச் சின்ன இடைவெளியில் ஒரு பெயர் இடம் மாறினால்? பட்டியலில் பார்த்தபோது அது அங்கே வந்திருக்கவில்லை. கோப்பில் பார்க்கும்போது அது அங்கிருந்து போயிருக்கும். இரண்டிலும் இல்லை! உரிமையாளர் இல்லாத பொருள்!

இது எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நினைக்கிறீர்களா? தெரியும். எழுதும்போதே தெரியும். அந்த இடைவெளி கண்சிமிட்டும் நேரம்கூட இல்லை, அதற்குள் யார் பெயர் இடம் மாறப்போகிறது என்று கணக்குப் போட்டேன். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டேன். கைதட்டல் கிடைத்த பிறகு அந்த ஞாபகமே வரவில்லை.

மெகரு அப்போது விடுப்பில் இருந்தாள். பிரசவ விடுப்பு.

கோட்டைமேட்டில் பிறந்து வளர்ந்தவள். என்னைவிட எட்டு வயது இளையவள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கூர்மையான பெண். எதையும் இரண்டாம் முறை கேட்கமாட்டாள். பஞ்சு போகும் குழாய்க்குள் தீப்பொறி வந்தால் கண்டுபிடித்து இயந்திரத்தை நிறுத்தும் கருவிக்கு அவள்தான் நிரல் எழுதினாள். பழைய நிரல் ஒன்றுமில்லாததற்கெல்லாம் ஆலையை நிறுத்தியது. தொல்லை தாங்காமல் சில ஆலைகளில் கருவியின் ஒயரையே பிடுங்கிவிட்டார்கள். மெகருவின் புதிய நிரல் உண்மையான பொறியையும் வெறும் மினுக்கையும் பிரித்தறியும். ஏழு மாத உழைப்பு. வயிற்றில் பிள்ளையோடு ஆலை ஆலையாகப் போய் அளவெடுத்து வந்தாள். விடுப்பில் போகும் அன்று எல்லாவற்றையும் தன் கிளையில் ஏற்றிவிட்டு, மடிக்கணினியை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டுப் போனாள். மடிக்கணினி துடைத்து வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது. அது வழக்கம்தான். எல்லாம் ரெப்போவில் இருக்கிறதே!

அவள் கிளையை மாதக்கணக்கில் யாரும் தொடவில்லை. ஒரு நாள் அந்தப் பெயர் தனிக் கோப்பிலிருந்து பட்டியலுக்குப் போனது. சரியாக அந்த இடைவெளியில்.

அவள் வேலைக்குத் திரும்பிய நாள் ஒரு திங்கட்கிழமை. பெண் குழந்தையின் படத்தை எல்லோருக்கும் காட்டினாள். பத்து மணிவாக்கில் என் இருக்கைக்கு வந்தாள்.

"அக்கா, என்ற பிரான்ச்சை எடுத்தா என்னமோ செவப்பா எழுத்து வருதுங்க. கொஞ்சம் பாக்கறீங்களா?"

பார்த்தேன். சர்வருக்குள் போய்ப் பார்த்தேன். பெயர் இருந்தது. பட்டியலில் அழகாக, அவள் வைத்த பெயர். அந்தப் பெயர் சுட்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. தேடவே வேண்டியிருக்கவில்லை. அந்த இடைவெளி... அந்தக் கணக்கு...

"சர்வர்ல ஒரு வேலை ஓடிட்டிருக்குது கண்ணு. மத்தியானமா பாருங்க, செரியாயிரும்" என்றேன்.

அவள் நம்பிப் போனாள்.

காப்பு நகல்களைப் புரட்டினேன். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட நகல்கள் எங்களிடம் நிற்பதில்லை. எல்லா நகல்களிலும் அதே வெற்றிடம். அவற்றை என்னைத் தவிர யாரும் திறப்பதில்லை. யார் எப்போது என்ன ஏற்றினார் என்ற சர்வர் பதிவேட்டைப் பார்த்தேன். மூன்று மாதத்துக்குமேல் அதுவும் நிற்காது. அவள் ஏற்றியதற்கு எங்கேயும் சாட்சி இல்லை. ஒரே ஒரு சாட்சிதான் மிச்சம். அந்தப் பெயர்.

பெயர் இருந்து பொருள் இல்லாவிட்டால், ரெப்போ தொலைத்துவிட்டது என்று அர்த்தம். பெயரே இல்லாவிட்டால், அவள் ஏற்றவே இல்லை என்று அர்த்தம்.

இதற்கு மேல் நான் சொல்ல வேண்டுமா? சொல்லத்தான் வேண்டும்...

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் போகவில்லை. ஒரு வரிக் கட்டளை. அழித்தேன். அந்தக் கட்டளையைக் கொடுத்த தடயத்தையும் அழித்தேன்.

மதியம் அவள் மறுபடி பார்த்தபோது அப்படியொரு கிளையே இல்லை என்று திரை சொன்னது. ஓடி வந்தாள். காலையில் பெயர் இருந்தது, சிவப்பு எழுத்தில் ஏதோ காணவில்லை என்றுதான் வந்தது என்றாள். காலையில் வந்தது வேறு பிழை, எல்லோருக்கும் வந்தது என்றேன். பொய்கள் தாமாகவே வந்து நாக்கில் உட்கார்ந்தன. ஒன்றுக்கு ஒன்று பொருத்தமாக!

மறுநாள் காலை தண்டபாணி கூட்டம் கூட்டினார். அன்னூர்ப் பக்கம் ஓர் ஆலை அந்த நிரலுக்காக அவள் திரும்பும்வரை காத்திருந்தது. அவர் கோபப்படுகிறவர் அல்லர். அதனாலேயே அவர் கேட்பது இன்னும் கனமாக இருக்கும். முடித்துவிட்டதாகச் சொல்லிவிட்டுத்தானே போனீர்கள் என்று மெகருவிடம் கேட்டார். அவள் ஏற்றிவிட்டுத்தான் போனேன் என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். மேசைக்குக் கீழே விரல்களை முறுக்கிக்கொண்டிருந்தாள். அருகில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் அது தெரிந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"சுகந்தி, நீங்க பாத்துச் சொன்னாச் செரிங்க. அந்தம்மணி பேர்ல ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"அந்தப் பேர்ல எதுவும் இல்லீங்க சார்."

அந்த நொடியில் அது உண்மை. முந்தைய நாள் மதியம் நானே உண்டாக்கிய உண்மை.

மெகரு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். சந்தேகம் இல்லை. குழப்பம்தான் இருந்தது. அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அப்படியானால் நான் என்ன செய்தேன் என்ற குழப்பம்!

கூட்டம் முடிந்ததும் மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். கண்கள் நிறைந்திருந்தன.

"அக்கா, நீங்க சொன்னா நான் நம்பிக்கறேன். நான் அனுப்பிச்சுப்போட்டுத்தான் போனேன்னு மனசு சொல்லுது. நெசமாவே அனுப்பலீங்களா?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். படியில் நாங்கள் இருவர் மட்டும்தான். அவள் என் கையைப் பிடித்திருந்தாள். ஒரு மூச்சு விட்டால் உண்மை வந்திருக்கும். அந்த மூச்சை எடுத்துக்கொண்டு நான் சொன்னது இது.

"மாசமா இருக்கறப்ப இப்பிடித்தான் கண்ணு மறதி வரும். அனுப்பிச்சாப்பல தோணியிருக்கும். விடுங்க."

நான் பிள்ளை பெற்றவள் அல்லள். யாரோ எங்கோ பேசிக் கேட்டதை எடுத்து அவள் மேல் போட்டேன். ஆறுதல் சொல்வதுபோல முதுகைத் தடவினேன்.

அவள் தலையசைத்தாள்.

கிளையை அழித்ததைக்கூட ஒரு பயத்தில் செய்ததாக எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிகிறது. இந்த ஒரு வாக்கியத்தை எதற்குச் சொன்னேன்? அவள் ஏற்கெனவே தோற்றுவிட்டிருந்தாள். என்னை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. தேவையே இருக்கவில்லை!

நிரலை மறுபடி எழுத அவளுக்கு இரண்டு மாதம் கொடுத்தார்கள். எழுதத் தெரிந்தவள்தான். ஆனால் கை வரவில்லை. எழுதியதை மூன்று முறை ஏற்றினாள். தினமும் மாலை கிளம்பும் முன் என் இருக்கைக்கு வந்து நின்றாள். இன்று அனுப்பியது வந்துவிட்டதா என்று கேட்பாள். வந்துவிட்டது என்பேன். படிக்கட்டுவரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை கேட்பாள். மற்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்பதை ஒரு நற்குணமாகக் கருதிக்கொண்டேன்.

நான்காம் மாதம் அவள் வேலையை விட்டாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று எழுதிக்கொடுத்தாள். பாவம், கவனம் சிதறிவிட்டது என்று தண்டபாணி வருத்தப்பட்டார். அவள் வேலையை வேறொருவர் முடிக்க ஒரு வருடம் ஆயிற்று.

ஓட்டையை நான் அந்தக் கூட்டம் நடந்த வாரமே அடைத்துவிட்டேன். இரண்டு வரிகளை இடம் மாற்றினேன், அவ்வளவுதான். முதலில் தனிக் கோப்புகள், பிறகு பட்டியல். அந்த வரிசையில் படித்தால் இடம் மாறும் பெயர் எப்படியும் ஓர் இடத்தில் கண்ணில் படும். அந்த மாற்றத்துக்கான காரணத்தை எழுதவேண்டிய இடத்தில் "சிறு திருத்தம்" என்று எழுதினேன். என் பெயரோடும் தேதியோடும் அது இன்றும் ரெப்போவில் இருக்கிறது. யாரும் படித்ததில்லை.

எனக்குப் பதவி உயர்வு வந்தது. கல்லூரிகளில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். பூட்டாமல் துப்புரவு செய்வது எப்படி என்று படம் போட்டு விளக்கினேன். மாணவர்களில் யாராவது அந்த இடைவெளியைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்று ஒவ்வொரு முறையும் பயப்படுவேன். ஒருவரும் கேட்கவில்லை.

ஐந்து வருடம் போனது.

சென்ற ஆவணியில் போத்தனூர் ரயில் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். மகளோடும் கணவரோடும் நின்றிருந்தாள். நான் விலகிப்போக நினைத்தேன். அவள் பார்த்துவிட்டாள். அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே வந்து கையைப் பிடித்தாள். அதே பிடி.

பேசிக்கொண்டிருக்கும்போதே கைப்பையைத் திறந்து டிக்கெட்டைப் பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்து பார்த்தாள். நான் கவனிப்பது தெரிந்ததும் வெட்கத்தோடு சிரித்துவிட்டு, கைப்பேசியை எடுத்துக் காட்டினாள். வீட்டுப் பூட்டின் படம். அடுப்புக் குமிழின் படம். குழாயின் படம். ஒவ்வொரு நாளும் கிளம்பும்போது எடுத்தவை. நூற்றுக்கணக்கில்... திரையைத் தள்ளத் தள்ள முடியவே இல்லை.

"படம் எடுத்து வெச்சுக்கலீன்னா எனக்கே என்மேல நம்பிக்கை வரதில்லீங்க அக்கா. நீங்க அன்னிக்கே சொன்னீங்க, மறதின்னு. நான்தான் பெருசா எடுத்துக்கலை."

மறுபடி வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டேன். இரண்டு இடத்தில் கூப்பிட்டார்களாம். பயத்தில் இவள் போகவில்லையாம். அதற்குள் ரயில் வந்துவிட்டது. ஏறப்போகும்போது, அன்றைக்கு நீங்கள் ஒருவர்தான் என்னிடம் அன்பாகப் பேசினீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதைக் கேட்ட பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை. நெஞ்சில் குற்ற உணர்ச்சி எழுந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். எழுந்தது என்மேல் அருவருப்பு.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டுக்குப் போனேன். மதுக்கரை போகும் சாலையில், குனியமுத்தூரில் வீடு. கணவர் அன்வர் மின்சாதனக் கடை வைத்திருக்கிறார். சாந்தமான மனிதர். உட்காரச் சொல்லி விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். மெகரு தேநீர் கொண்டுவந்தாள்.

நான் சொன்னேன். இருவருக்கும் சேர்த்துச் சொன்னேன். இடைவெளி, வெற்றிடம், ஒரு வரிக் கட்டளை, மாடிப்படி. எதையும் விடவில்லை. மெகரு நின்றபடியே கேட்டாள். பாதியில் சுவரில் சாய்ந்துகொண்டாள். அழவில்லை. முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

அன்வர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் போதும் என்றிருந்தது.

"செரிங்க மேடம்" என்றார் கடைசியில். "வந்து சொன்னீங்களே, அது பெருசு. ஆனா இவளுக்கு மறதி இருக்கறது நெசந்தானுங்க. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. போன மாசங்கூட பாப்பாவுக்கு மருந்து குடுத்தோமா இல்லையான்னு தெரியாம என்னையக் கடையிலிருந்து கூப்பிட்டுப்போட்டா."

நான் மறுத்தேன். அது மறதி இல்லை, நான் உண்டாக்கியது என்றேன். அவர் மரியாதையோடு தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். நம்பாதவர்கள் விருந்தாளியிடம் காட்டும் தலையாட்டல். ஐந்து வருடம் கூடவே இருந்து அவர் கண்ணால் பார்த்ததை, என் அரைமணிநேரப் பேச்சு என்ன செய்துவிடும்? அழிப்பதற்கு ஒரு வரி போதுமாக இருந்தது!

மெகரு பேருந்து நிறுத்தம்வரை என்னோடு வந்தாள். நிறுத்தத்தில் நின்றதும் கேட்டாள்.

"ஆபீஸ்ல சொல்லிட்டீங்களா அக்கா?"

இல்லை என்றேன்.

"தண்டபாணி சார் இன்னும் இருக்காருங்களா?"

இருக்கிறார் என்றேன்.

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிமெண்ட் லாரி ஒன்று போய்ப் புழுதி அடங்கும்வரை காத்திருந்தாள். குரல் உயரவில்லை.

"அப்ப எங்கிட்ட மட்டும் வந்து சொன்னது எதுக்குங்க?"

பேருந்து வந்தது. நான் ஏறினேன். சன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தபோது அவள் வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். வேகமாக, ஒருமுறைகூடத் திரும்பாமல்.

அது நடந்து மூன்று மாதம் ஆகிறது. தண்டபாணியின் அறை என் அறையிலிருந்து பத்தடி தூரம். தினமும் அவர் கதவைத் தாண்டித்தான் என் இருக்கைக்குப் போகிறேன். இரண்டு முறை உள்ளே போனேன். ஒரு முறை விடுப்பு கேட்டுவிட்டு வந்தேன். இன்னொரு முறை புதிய சர்வர் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்றா? போகட்டுமே என்றுதான் தோன்றுகிறது. எழுபது பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்ப்பார்கள் என்றா? இருக்கலாம். அந்தப் பார்வையை நாற்பத்திரண்டு வயதில் தாங்க முடியாது என்று நினைக்கிறேன். அவள் அதை இருபத்தொன்பது வயதில், கைக்குழந்தையோடு தாங்கினாள்.

மெகருவின் கேள்விக்குப் பதில் எனக்கு இப்போது தெரியும். அவளிடம் சொன்னால் மன்னித்துவிடுவாள் என்று நினைத்தேன். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. அவளுக்கு வேண்டியது வேறு. அன்று அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால், அவள் ஏற்றிவிட்டுத்தான் போனாள் என்று யாராவது சொல்லவேண்டும். அதைச் சொல்லக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள்.

நீங்கள் இதைப் படித்துவிட்டீர்கள். தண்டபாணி இன்னும் படிக்கவில்லை.